எச்.ஐ.வி. செய்தியில் ஆண் எங்கே? தருமபுரி, கிருஷ்ணகிரி செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான பதிப்புகளை வெளியிடும் தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கும், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கும்:

சென்ற மாதம் உங்களில் ஒருவரது நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரத் தங்கும் விடுதி ஒன்றில் காவல்துறையினர் நடத்திய சோதனை பற்றிய செய்தி வந்தது. “எய்ட்ஸ் பாதித்த அழகி கைது: கலக்கத்தில் வாலிபர்கள்” என்பது தலைப்பு. கைதான பெண் துப்பட்டாவால் முகத்தை மூடியபடி போலீஸ் வேனில் ஏறும் படம் பெரிதாகப் போடப்பட்டிருந்தது. அவருடைய வயது, சொந்த ஊர், கணவரைப் பிரிந்து வாழ்பவர் என்ற விவரம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் அச்சாகியிருந்தன. அதே விடுதியில் பிடிபட்ட ஆண்களோ, “எச்சரித்து அனுப்பப்பட்டனர்” என்ற இரண்டே சொற்களில் செய்தியிலிருந்து வெளியேறிவிட்டார்கள். மறுநாள் மாலைக்குள் அச்செய்தி யூடியூப் சேனல்களுக்கும் ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் பரவிவிட்டது. சிலவற்றில் சம்பந்தமே இல்லாத வேறொரு பெண்ணின் படமும் ஒட்டப்பட்டிருந்தது.

நான் இவ்விரு மாவட்டங்களிலும், அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையங்களான நம்பிக்கை மையங்களில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். ரத்தப் பரிசோதனைக்கு முன்பும், முடிவு வந்த பிறகும், வந்தவருக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதே என் வேலையாக இருந்தது. இப்போது எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களின் சிறு குழு ஒன்றுக்குத் துணையாக இருக்கிறேன். அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் கூட்டத்துக்கு வழக்கமாக வருபவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் பென்ஷன் மனுவைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியும் பேசினார்கள். செய்தியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதிலிருந்தே எல்லோரும் அதைப் படித்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

முதலில் ஒரு கேள்வி. கைதான பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு உங்கள் செய்தியாளருக்கு எப்படிக் கிடைத்தது? 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் விவரம் அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் அவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது என்றும், அவருக்குத் தொற்று இருப்பதைப் பிறர் வெளியே சொல்லக் கூடாது என்றும் கூறுகிறது. காவலரோ மருத்துவமனை ஊழியரோ வாய்தவறிச் சொல்லியிருந்தாலும், அதை அச்சிடும் உரிமை அதனால் உங்களுக்கு வந்துவிடாது. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எச்.ஐ.வி. உள்ளவர்களை வெறுப்புக்கோ பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ ஆளாக்கக்கூடிய எதையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறுவோருக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க இடமளிக்கிறது. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், சோதனை, கைது, மீட்பு நடவடிக்கைகளின்போது பாலியல் தொழிலாளர்களின் அடையாளத்தை வெளிப்படுத்தும் படங்களை, அவர்கள் பாதிக்கப்பட்டவராக இருந்தாலும் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும், ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகளிலும் எச்.ஐ.வி. பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது: தொற்று எப்படி வந்தது என்று தேவையில்லாமல் துருவாதீர்கள், யாரையும் பழிக்கும் விதத்தில் எழுதாதீர்கள், பரபரப்பாக்காதீர்கள். இவை எதுவும் உங்கள் செய்தி அறைகளுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரைப் போடக் கூடாது என்பதை நேற்று வேலைக்குச் சேர்ந்த உதவி ஆசிரியர்கூட மறப்பதில்லையே, இந்தச் சட்டம் மட்டும் ஏன் நினைவுக்கு வருவதில்லை?

ஒரு நாளிதழ் ஒரு நாள் செய்த தவறு என்றால் புகார் ஒன்றை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுவதற்குக் காரணம், எச்.ஐ.வி. உள்ள பெண்ணை நீங்கள் இரண்டே வேடங்களில்தான் வாசகர் முன் நிறுத்துகிறீர்கள் என்பது. ஒன்று, ஊருக்கெல்லாம் பரப்புகிறவள். மற்றொன்று, டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினத்தன்று முக்காடு போட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுகிறவள். முதலாமவரிடம் நீங்கள் எதையும் கேட்பதில்லை. இரண்டாமவரிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, “உங்களுக்கு எப்படி வந்தது?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைக் கொண்டுதான் அவர் பரிதாபத்துக்கு உரியவரா இல்லையா என்பதே முடிவாகிறது.

இரண்டாவது வேடம் தீங்கற்றது என்று நீங்கள் எண்ணக்கூடும் என்பதால், எங்கள் குழுவில் உள்ள ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவருடைய சம்மதம் பெற்று, அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு தொலைக்காட்சிக்காக டிசம்பர் 1-ஐ ஒட்டி அவரைப் பேட்டி எடுத்தார்கள். பிறருக்கு விழிப்புணர்வு வரும் என்று சொன்னதால் ஒப்புக்கொண்டார். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள், உண்மைதான். ஆனால் குரலை மாற்றவில்லை. பச்சைச் சுண்ணாம்பு அடித்த திண்ணையும், வேப்பமரத்தில் கட்டியிருந்த சிந்து மாடும், கொடியில் காய்ந்த பள்ளிச் சீருடையும் தெளிவாகத் தெரிந்தன. பின்னணியில் ஒரு குரல், வட்டத்தின் பெயரைச் சொல்லி “அருகே உள்ள குக்கிராமம்” என்றது. கணவர் லாரி ஓட்டுநர், இறந்துவிட்டார், மகள் பத்தாம் வகுப்பு என்றும் சொன்னது. எண்பது வீடு உள்ள ஊரில் இத்தனையும் பொருந்துகிற வீடு எத்தனை இருக்கும்? ஒளிபரப்பான மறுநாள் காலை பால் சொசைட்டியில் அவருடைய கேனை வாங்கவில்லை. பால் அளப்பவர், “இன்னைக்கு வேண்டாங்க, தலைவர்கிட்ட பேசிட்டு வாங்க” என்று கேனைத் திருப்பித் தள்ளிவிட்டார். அன்று மதியம் அவர் எனக்கு ஃபோன் செய்தபோது அழவில்லை. “மாட்டுக்குமா மேடம் டெஸ்ட் எடுக்கணும்?” என்றுதான் கேட்டார். இப்போது அவருடைய பாலை ஓரகத்தி தன் கணக்கில் ஊற்றுகிறார். அதற்காக லிட்டருக்கு இரண்டு ரூபாய் பிடித்துக்கொள்கிறார். மாடு அதேதான், பால் அதேதான், சொசைட்டியும் அதேதான்.

அந்தப் பேட்டியை எடுத்த செய்தியாளரிடம் இதைச் சொன்னேன். எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி ஒருவரின் பிழைப்பைத் தடுப்பது சட்டத்துக்குப் புறம்பான பாகுபாடு, எனவே இதுதான் நீங்கள் போட வேண்டிய செய்தி என்றேன். “அந்த ஸ்டோரி முடிஞ்சுபோச்சு மேடம், வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க” என்றார்.

இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் சுமார் 25 லட்சம் பேர் என்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மதிப்பீடு. அவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானோர் பெண்கள். அப்படியென்றால் பெரும்பான்மையோர் ஆண்கள். உங்கள் மாவட்டப் பக்கங்களை மட்டும் படித்து வளர்ந்த ஒருவரால் இதை ஊகிக்கவே முடியாது. பெண்களே கண்ணில் படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை நீங்கள் எழுதியிருந்தால் எத்தனையோ வீடுகளில் சண்டை குறைந்திருக்கும். கர்ப்பமாகிப் பதிவு செய்யும் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்கிறார்கள். ஆணின் வாழ்க்கையில் அப்படி ஒரு கட்டம் வருவதே இல்லை. ஆகவே ஒரு குடும்பத்தில் தொற்று முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் மருமகளின் ரத்தத்தில். முதலில் தெரியவந்தவளே முதலில் கொண்டுவந்தவள் என்று அன்று மாலைக்குள் வீட்டில் தீர்ப்பாகிவிடுகிறது. என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார்கள் பலர், கதவு திறக்கும் முன்பே அந்தத் தீர்ப்போடுதான் இருந்தார்கள். மகனைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள் என்றால், “அவனுக்கு எதுக்குங்க, அவன் நல்லாத்தானே இருக்கான்” என்பார்கள். பெங்களூரிலோ ஓசூரிலோ தனியார் லேபில் ஏற்கெனவே பரிசோதனை செய்து, முடிவை மறைத்துத் திருமணம் செய்துகொண்ட கணவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி உங்கள் பக்கங்களில் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. அந்த மாமியார்களுக்கு அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்ததில் உங்கள் தலைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இதனால் பெண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லாரி ஓட்டுநரை நிறுத்துங்கள் என்று நான் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 44-ஆம் எண், 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் கிருஷ்ணகிரியில், வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏற்கெனவே போதுமான அளவு பழி சுமந்துவிட்டன. ஓட்டுநர் வீட்டுப் பெண் என்பதற்காகவே சம்பந்தம் தட்டிப்போன கதைகள் இங்கே உண்டு. யார் கொண்டுவந்தது என்ற கேள்வியையே செய்தியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இந்தப் படிமம் எங்கிருந்து தொடங்கியது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில் அது கண்டறியப்பட்டது. அது அரிய பணி. அந்த இருவருக்கும் நாடே கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஆய்வுக்கு எட்டும் தூரத்தில், காப்பகத்தில் அடைபட்டு இருந்தவர்கள் அந்தப் பெண்கள் என்பதால்தான் அவர்களுடைய ரத்தம் எடுக்கப்பட்டது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யாரும் அடைத்து வைத்திருக்கவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் உங்கள் செய்தி அந்தக் காப்பகத்து வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

நீங்கள் பரிவோடு எழுதிய செய்திகளும் இல்லாமல் இல்லை. 2018 டிசம்பரில் சாத்தூரில், அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டபோது, அவருக்காக எல்லா ஊடகங்களும் குரல் கொடுத்தன. அது நியாயம், அந்த அழுத்தம் இல்லாமல் அவருக்கு நிவாரணம் கிடைத்திருக்காது. இருந்தும் அந்த நாட்களில் எங்கள் பெண்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? “எந்தத் தவறும் செய்யாத பெண்” என்ற தொடரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒருவரை அப்பாவி என்று தனியே பிரித்து வைத்தால், மற்றவர்கள் எல்லோரும் தவறு செய்தவர்கள் என்று ஆகிவிடுகிறது. தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் ரத்ததானம் செய்த அந்த இளைஞர், செய்தி பரவிய சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டதையும் நாம் மறந்துவிடலாகாது.

நீங்கள் எழுதுவது இங்கே எப்படி வந்து இறங்குகிறது என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியும் தருமபுரிப் பெண் சேலத்துக்கும், கிருஷ்ணகிரிப் பெண் தருமபுரிக்கும் பஸ் ஏறிப் போகிறார், தெரிந்த முகம் எதிர்ப்படக் கூடாது என்பதற்காக. வாங்கிய மருந்து டப்பாவின் லேபிளை பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் சுரண்டி எடுத்துவிடுகிறார். வீட்டில் டப்பாவை எடுக்கும்போது மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்டு யாராவது என்ன மாத்திரை என்று கேட்டுவிடுவார்களே என்று உள்ளே பஞ்சை அடைத்து வைப்பவர்களை எனக்குத் தெரியும். இந்தச் சிரமம் தாங்காமல் மருந்தை நிறுத்திவிட்டு, உடல் மோசமான பிறகு தூக்கி வரப்பட்டவர்களும் உண்டு. மருந்தை நிறுத்தினால் கிருமி பெருகும், பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் திரும்பும். ஆக, பரவலைத் தடுக்கும் நோக்கத்தோடுதான் எழுதுகிறோம் என்ற உங்கள் வாதமும் இங்கே அடிபட்டுப்போகிறது.

மருந்தைப் பற்றி நீங்கள் எழுதாமல் விடுபவைதான் எத்தனை! பெரும்பாலானோருக்கு இன்று ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதான். அதைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் காண முடியாத நிலைக்கு இறங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியே அவரிடமிருந்து துணைக்குத் தொற்றாது. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை இருக்கிறது. உரிய காலத்தில் சிகிச்சை எடுத்தால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எங்கள் குழுவிலேயே தொற்றில்லாத பிள்ளைகளைப் பெற்று, அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்திலோ இன்றும் “உயிர்க்கொல்லி நோய்” என்ற தலைப்பும், பக்கத்தில் ஒரு மண்டை ஓடும்தான்.

மேற்படி விடுதிச் செய்தியை அனுப்பிய பகுதி நேரச் செய்தியாளரை எனக்குத் தெரியும். தலைப்பு தான் வைத்ததில்லை, அலுவலகத்தில் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் வைத்தது என்று சொன்னார். நான் நம்புகிறேன். செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒருவர், போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதை வாங்கி அனுப்புவதைத் தவிர வேறென்ன செய்வார்? அவர்மேல் நடவடிக்கை எடுத்துவிட்டு இந்தக் கோப்பை மூடிவிடாதீர்கள். அதனால்தான் இம்மடல் அவருக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

நான் கேட்பவை இவை. அந்த விடுதிச் செய்தியை இணையதளத்திலிருந்தும் யூடியூப் பக்கங்களிலிருந்தும் உடனே நீக்குங்கள். வெளியிட்டது தவறு என்பதை அதே மாவட்டப் பக்கத்தில், அந்தப் பெண்ணின் விவரம் எதையும் மறுபடி சொல்லாமல், கண்ணில் படும் அளவில் அச்சிடுங்கள். கைதானவர், இறந்தவர், வழக்கில் சிக்கியவர் யாராக இருந்தாலும் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதாக எங்கிருந்து தகவல் வந்தாலும், அதை எழுதக் கூடாது என்று செய்தியாளர்களுக்கும் டெஸ்க்குக்கும் எழுத்து மூலம் உத்தரவிடுங்கள். “அழகி”, “கலக்கத்தில் வாலிபர்கள்” ஆகியவற்றை உங்கள் தலைப்புகளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எச்.ஐ.வி. உள்ள பெண் பேட்டிக்குச் சம்மதித்தால், வீடு, குரல், பிள்ளைகளின் வகுப்பு, கணவரின் தொழில், வட்டத்தின் பெயர் ஆகியவற்றில் எது வெளிவரும், எது வராது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள். ஒளிபரப்பும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் மனம் மாறினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தொற்று எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறதா, கணவர் இறந்த பிறகு வீட்டில் குடியிருக்கும் உரிமையை மாமனார் வீட்டார் ஒப்புக்கொண்டார்களா, பிரசவத்தின்போது மருத்துவமனையில் எப்படி நடத்தினார்கள் என்று கேளுங்கள். 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்திலேயே போராட்டம் நடத்தினார்கள். அப்படி ஒரு தட்டுப்பாடு வந்தால் பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் இருப்பவர் என்ன செய்வார் என்று விசாரித்து எழுத உங்கள் செய்தியாளருக்கு ஒரு நாள் கொடுங்கள்.

கருத்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் அதிகாரிகளிடம் மட்டும் போகாதீர்கள். 1998-இல் கௌசல்யா பெரியசாமி முதலானோர் சென்னையில் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென்றே பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கினார்கள். சட்டம், மருந்து, விதவைப் பென்ஷன் பற்றியெல்லாம் விவரமாகப் பேசத் தெரிந்த பெண்கள் இங்கும் இருக்கிறார்கள். உங்கள் செய்தியாளர்களுக்கும் டெஸ்க்கில் தலைப்பு வைப்பவர்களுக்கும் அரை நாள் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் குழுவிலிருந்து வந்து பேசுவதற்கு ஆட்கள் தயார். கேமரா வேண்டாம் என்பது மட்டும்தான் அவர்களுடைய நிபந்தனை.

பால் சொசைட்டி விவகாரத்தைச் சட்டத்தில் சொல்லப்பட்டுள்ள குறைதீர்ப்பாளரிடம் நாங்கள் கொண்டு செல்கிறோம். விடுதிச் செய்தி பற்றிய புகாரைப் பத்திரிகைக் கவுன்சிலுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் எழுதி வைத்திருக்கிறோம். முப்பது நாட்களுக்குள் செய்தியை நீக்கி, திருத்தம் வெளியிட்டு, எழுத்து மூலம் பதில் தாருங்கள். தராவிட்டால் முப்பத்தொன்றாம் நாள் அந்தப் புகார்கள் அனுப்பப்படும்.

இப்படிக்கு,
முன்னாள் நம்பிக்கை மைய ஆலோசகர்,
தருமபுரி